ஒரே பயணம், மூன்று வாசல்: ஷெங்கன் விசா கேட்பது என்ன?

ஜூன் மாதப் பள்ளி விடுமுறை நெருங்கும்போது சிங்கப்பூரில் பல தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். "இந்தத் தடவையாவது ஐரோப்பாவுக்குப் போய் வரலாமே!" சினிமாப் பாட்டில் பார்த்த பனிமலை, ஈஃபில் கோபுரம், ரோமாபுரி என்று ஆளுக்கொரு ஆசை. விமானச் சீட்டு விலையை யாராவது தேடிப் பார்ப்பார்கள். விடுப்புக்கும் எழுதிப் போட்டாகிவிடும். அதற்குப் பிறகுதான் யாருக்காவது உறைக்கும்: "ஆமாம், யார் யாருக்கு விசா வேண்டும்?"

அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால் பாதிச் சிரமம் குறைந்திருக்கும்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் சிங்கப்பூர்க் குடிமகன். மனைவி தஞ்சாவூரில் பிறந்தவர். இங்கே முன்பள்ளி ஆசிரியை. நிரந்தரவாசி, ஆனால் கையில் இருப்பது இந்தியக் கடப்பிதழ். ஒன்பது வயது மகள் சிங்கப்பூர்க் குடிமகள். இவர்களோடு மனைவியின் தாயாரும் வரப்போகிறார். வயது 64. கணவரை இழந்தவர், தஞ்சாவூரில் சொந்த வீட்டில் இருக்கிறார். நால்வரும் ஒரே விமானத்தில் ஏறப் போகிறார்கள், ஒரே ஹோட்டலில் தங்கப் போகிறார்கள். ஆனால் ஐரோப்பாவின் வாசல் இவர்களுக்கு ஒரே மாதிரி திறப்பதில்லை.

கணவருக்கும் மகளுக்கும் விசா தேவையில்லை. சிங்கப்பூர், மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்போர் எந்த 180 நாள் காலத்திலும் 90 நாள்வரை ஷெங்கன் வட்டாரத்தில் தங்கலாம். மனைவிக்கு விசா வேண்டும். "நான்தான் பிஆர் ஆச்சே, எனக்கும் வேண்டுமா?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நிரந்தரவாசத் தகுதி, சிங்கப்பூருக்குள் வாழவும் திரும்பி வரவும் தரப்பட்ட உரிமை. பாரிஸ் விமான நிலையத்தில் பார்ப்பது நீல நிற அடையாள அட்டையை அல்ல, கடப்பிதழின் அட்டையை. மாமியாருக்கும் விசா வேண்டும். அதற்கு அவர் விண்ணப்பிக்க வேண்டிய ஊரே வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில், ஷெங்கன் என்றால் என்ன? லக்சம்பர்க் நாட்டில், மோசல் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிறு கிராமத்தின் பெயர் அது. 1985ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி பிரான்ஸ், அன்றைய மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஐந்து நாடுகள் அங்கே ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் வைத்து, தங்களுக்கிடையிலான எல்லைச் சோதனையைக் கைவிட ஒப்பந்தம் செய்துகொண்டன. பத்தாண்டு கழித்து 1995இல் அது நடைமுறைக்கு வந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரியில் முழுமையாகச் சேர்ந்த பிறகு இப்போது 29 நாடுகள். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் 2008 முதல் ஷெங்கனில் இருக்கிறது. அயர்லாந்து ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை. பிரிட்டன் இரண்டிலுமே இல்லை.

இந்தக் கடைசி வரியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பாரிஸில் இறங்கி, அங்கிருந்து ரயிலேறி லண்டனில் அத்தை வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு, பிறகு சூரிக் போகலாம் என்று ஒருவர் திட்டம் போடுகிறார். மனைவியின் விசா ஒரு முறை மட்டும் நுழையக்கூடியது என்றால், லண்டன் ரயிலில் ஏறிய அந்த நிமிடமே அது தீர்ந்துவிட்டது. சூரிக்கில் அவரை உள்ளே விடமாட்டார்கள். இப்படிப் போவதாக இருந்தால் இரண்டு முறையோ பல முறையோ நுழையும் விசா கேட்டிருக்க வேண்டும். பிரிட்டனுக்குத் தனி விசாவும் எடுத்திருக்க வேண்டும். சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருக்கும் கணவரும் மகளும்கூட 2025 ஜனவரி முதல் பிரிட்டனுக்கு முன்கூட்டியே மின்னியல் பயண அனுமதி பெற வேண்டும். அத்தை வீட்டுச் சாப்பாட்டுக்கு இது கொஞ்சம் அதிக விலை!

அடுத்த கேள்வி, எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பது. நம் குடும்பத்தின் பயணம் 12 நாள், 11 இரவு. பாரிஸில் இறங்கி 4 இரவு, சுவிட்சர்லாந்தில் 5, ரோமில் 2. "முதலில் இறங்குவது பாரிஸ், ஆகவே பிரெஞ்சுத் தூதரகம்" என்று பலர் நினைக்கிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அல்லது பயணத்தின் முக்கிய நோக்கம் எங்கே இருக்கிறதோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இங்கே அது சுவிட்சர்லாந்து. நாள் கணக்கு சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு. சில நண்பர்கள், "அந்த நாட்டுத் தூதரகத்தில் சீக்கிரம் நேரம் கிடைக்கிறது, அங்கே போடுங்கள், ஹோட்டலைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று ஆலோசனை சொல்வார்கள். அதைக் கேட்காமல் இருப்பது நல்லது. விசா கொடுத்த நாட்டில் ஓர் இரவுகூடத் தங்கப் பதிவு இல்லையென்றால், எல்லையில் நிற்கும் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

காலக் கணக்கு எளிது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசியாகப் பதினைந்து நாளுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். ஏற்கப்பட்ட விண்ணப்பத்துக்குப் பொதுவாக 15 நாளில் முடிவு தெரியும். சில விண்ணப்பங்களை ஆராய 45 நாள்வரை ஆகலாம். ஆனால் விண்ணப்பம் கொடுப்பதற்கான நேரம் கிடைப்பதுதான் பெரிய பாடு. ஜூன் விடுமுறைக்கு மே மாதம் நேரம் தேடுவது, தீபாவளிக்கு முதல் நாள் தையற்காரரிடம் துணி கொடுப்பது போல. பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ. விண்ணப்பம் வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. அந்த மையத்தில் இருப்பவர்கள் தாள்களை வாங்கிச் சரிபார்த்து அனுப்புகிறவர்கள்தாம். முடிவு சொல்வது தூதரகம்.

இனி தாள்கள். பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் அந்தப் பட்டியல் முழுவதும் மூன்று கேள்விகளுக்கான பதில். எதற்காக வருகிறீர்கள்? செலவுக்கு வழி என்ன? திரும்பிப் போவீர்களா? முதல் இரண்டுக்குப் பதில் சொல்வதில் எல்லாரும் கவனம் செலுத்துகிறார்கள். விண்ணப்பங்கள் பெரும்பாலும் இடறுவது மூன்றாவதில்தான்.

மனைவியின் கோப்பை எடுத்துக்கொள்வோம். கடப்பிதழ், பயணம் முடிந்து ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்ல வேண்டும். கடந்த பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும். பயணக் காப்புறுதி, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் செல்லக்கூடியதாக, குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்பதாக இருக்க வேண்டும். ஹோட்டல் பதிவும் போய்வரும் விமானப் பதிவும் வேண்டும். இங்கே ஒரு விளக்கம்: பொதுவாகக் கேட்கப்படுவது பதிவுதான். விசா வருமுன் பணம் திரும்பாத சீட்டை வாங்கிவிட்டுத் தவிக்க வேண்டியதில்லை. அதற்காகப் போலிப் பதிவுத் தாள் தயாரித்துக் கொடுக்கும் முகவரிடம் போகவும் வேண்டாம். ரத்து செய்யக்கூடிய உண்மையான பதிவு இன்று எளிதாகவே கிடைக்கிறது.

செலவுக்குக் கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கறிக்கை, சம்பளச் சீட்டு. மத்திய சேமநிதி அறிக்கையையும் சேர்த்து வைத்தால் வேலை தொடர்ச்சியாக இருப்பது ஒரே பார்வையில் தெரியும். சுவிட்சர்லாந்து, ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 100 சுவிஸ் பிராங்க் கைவசம் இருப்பதை எதிர்பார்க்கிறது.

மூன்றாவது கேள்விக்கு மனைவியிடம் நல்ல பதில் இருக்கிறது. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை விடுப்பு, அதன்பின் வேலைக்குத் திரும்புவார் என்று முன்பள்ளி தரும் கடிதம். மறுநுழைவு அனுமதி. இந்த அனுமதி காலாவதியாகும் தேதியைப் பலர் மறந்தே போகிறார்கள். திரும்பி வந்த பிறகும் குறைந்தது மூன்று மாதம் செல்லுமாறு இருக்க வேண்டும் என்று பல தூதரகங்கள் கேட்கின்றன. அதைவிட, வெளிநாட்டில் இருக்கும்போது அது முடிந்துபோனால் நிரந்தரவாசத் தகுதிக்கே சிக்கல் வரும். எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் வைத்திருப்போரும் இதே தேதிக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு, நம்மவர்களுக்கே உரிய ஒரு தலைவலி: பெயர். பாரத்தின் முதல் கட்டம் குடும்பப் பெயர் கேட்கிறது. தமிழருக்கு ஏது குடும்பப் பெயர்? இந்தியக் கடப்பிதழ்கள் பலவற்றில் அந்த வரி காலியாக இருக்கும். சொந்தப் பெயரும் தந்தை பெயரும் சேர்ந்து ஒரே வரியில் நிற்கும். திருமணச் சான்றிதழில் தலைப்பெழுத்தோடு ஒரு மாதிரி, வங்கியில் இன்னொரு மாதிரி, கடப்பிதழில் கணவர் பெயரோடு வேறு மாதிரி. விதி ஒன்றுதான்: கடப்பிதழில் எழுத்துக்கு எழுத்து எப்படி உள்ளதோ அப்படியே பாரத்தில், விமானச் சீட்டில், காப்புறுதியில். மற்றத் தாள்களில் பெயர் மாறியிருந்தால், அது ஏன் என்று உறைக் கடிதத்தில் இரண்டு வரி எழுதிவிட வேண்டும். திருமணச் சான்றிதழ் தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பும் தேவை. அதிகாரிக்குத் தலைப்பெழுத்து என்றால் என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை; சொன்னால் புரிந்துகொள்வார்.

சரி, மாமியார்.

"அம்மா மார்ச் மாதமே இங்க வந்துடுவாங்க. நம்மகூடச் சேர்த்து இங்கேயே அவங்களுக்கும் போட்டுடலாமா?" என்று மனைவி கேட்கிறார். நியாயமான ஆசைதான். ஆனால் விண்ணப்பதாரர் சட்டபூர்வமாக வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. குறுகியகால வருகை அனுமதியில் வந்திருப்பவர் இங்கே வசிப்பவர் ஆகமாட்டார். தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம் என்று சட்டத்தில் இடம் உண்டு; "மகள் இங்கே இருக்கிறாள், வசதியாக இருக்கும்" என்பது அந்தக் காரணமாக எடுபடுவது கடினம். ஆகவே அவர் சிங்கப்பூருக்குக் கிளம்புமுன்னரே சென்னையில் உள்ள விண்ணப்ப மையத்தில் கொடுத்து, விசா ஒட்டிய கடப்பிதழோடு இங்கே வருவதுதான் சரியான வழி. ஆறு மாத அவகாசம் இருப்பது இதற்கு உதவும்.

இரண்டு ஊரில் இரண்டு கோப்பு என்பதால் இரண்டும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். இங்கே பாரிஸ் 4 இரவு என்று எழுதிவிட்டு அங்கே 3 என்று எழுதினால் சந்தேகம் வரும். அதே ஹோட்டல், அதே தேதி, அதே விமானம். மகளுடைய விண்ணப்பத்தின் நகலையும் தாயாரின் கோப்பில் வைத்துவிடலாம்.

மாமியாருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. கணவரின் குடும்ப ஓய்வூதியம் மாதாமாதம் வங்கியில் விழுகிறது, அவ்வளவுதான். இந்த இடத்தில்தான் பாசம் தவறு செய்கிறது. "அத்தை கணக்கில் ஒரு பத்து லட்சம் போட்டுவிடுவோம், பார்க்க நன்றாக இருக்கும்" என்று மருமகன் நினைக்கிறார். மாதம் முப்பதாயிரம் ரூபாய் புழங்கிய கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்திய வாரம் பத்து லட்சம் வந்து விழுந்தால், அதைப் பார்க்கும் அதிகாரிக்கு இது யாருடைய பணம் என்ற கேள்விதான் எழும். அந்தத் தாயார் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனாலும் அவருடைய கோப்பின் நம்பகத்தன்மை போய்விடுகிறது.

உள்ளதைச் சொல்வதே போதும். செலவை மருமகன் ஏற்கிறார் என்று கையொப்பமிட்ட கடிதம், அவருடைய வங்கி அறிக்கை, சம்பளச் சீட்டு, சிங்கப்பூர் அடையாள அட்டை நகல். மகளுக்கும் தாய்க்கும் உள்ள உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ். கூடவே, அம்மாவின் ஓய்வூதியப் புத்தகம் உள்ளபடியே. அது சிறிய தொகைதான், வெட்கப்பட எதுவுமில்லை. மாதம் தவறாமல் தஞ்சாவூரில் வந்து விழும் பணம், அவர் தஞ்சாவூருக்குத் திரும்புவார் என்பதற்கும் ஒரு சாட்சி. வீட்டு வரி ரசீது. ஊரில் மகனும் பேரப்பிள்ளைகளும் இருந்தால் அதையும் கடிதத்தில் சொல்லலாம்.

இவை எல்லாவற்றையும்விட வலுவான ஒன்று பழைய கடப்பிதழில் கிடக்கும். மகளைப் பார்க்க அவர் ஐந்து முறை சிங்கப்பூர் வந்திருக்கிறார். ஐந்து முறையும் அனுமதித்த நாளுக்குள் ஊர் திரும்பியிருக்கிறார். இந்தியக் குடிநுழைவு முத்திரைகள் அதைச் சொல்லும். "அது எல்லாம் பழசு, எதுக்கு?" என்று பீரோவில் பூட்டி வைக்காமல் எடுத்துப் போக வேண்டும்.

பாரிஸில் லா ஷப்பேல் பக்கமோ சுவிட்சர்லாந்திலோ உறவினர் இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவர்கள் வீட்டில் தங்குவதாக இருந்தால், "வாங்க, இருங்க" என்று எழுதிய கடிதம் மட்டும் போதாது. பிரான்ஸில் விருந்தளிப்பவர் தம் வட்டார நகர மன்றத்தில் அதற்கென உள்ள தங்குமிடச் சான்றைப் பெற்று அனுப்ப வேண்டும். நாட்டுக்கு நாடு இந்த முறை மாறும். அது கைக்கு வர நாளாகும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

விண்ணப்ப மையத்தில் பத்து விரல் ரேகையையும் பதிவார்கள். ஒரு முறை கொடுத்தால் 59 மாதத்துக்கு மீண்டும் பயன்படுத்தலாம். வாழ்நாள் முழுக்கப் பாத்திரம் தேய்த்த கைகளில் ரேகை சரியாக விழாமல் போவதுண்டு. இயந்திரம் மறுக்க மறுக்க அம்மா பதற்றப்படுவார். தம்மீது ஏதோ குற்றம் என்று நினைத்துக்கொள்வார். குற்றமில்லை. ரேகை எடுக்கவே இயலாதவர்களுக்கு விதியிலேயே விலக்கு உண்டு. முந்திய சில நாள் கையில் எண்ணெய் தடவிப் பராமரித்துக்கொண்டு, மையத்துக்குப் போகும்போது நன்றாகத் துடைத்துவிட்டுப் போகச் சொன்னால் போதும். கூடவே மகனோ மருமகளோ போய் வெளியில் காத்திருந்தால் தைரியமாக இருக்கும்.

அப்படியும் மறுத்துவிட்டால்? 2024இல் உலகெங்கும் ஏறத்தாழ 11.7 மில்லியன் ஷெங்கன் விண்ணப்பங்கள் வந்தன, சுமார் 9.7 மில்லியன் விசாக்கள் வழங்கப்பட்டன. இந்தியாவில் கொடுக்கப்பட்டவற்றில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவை மறுக்கப்பட்டன. ஆகவே மறுக்கப்படுவது யாருக்கோ நடக்கும் அதிசயம் அல்ல. மறுக்கும்போது காரணத்தைக் குறித்து ஒரு படிவம் தருவார்கள். அதைக் கோபத்தில் கிழித்துப் போடக்கூடாது. பயண நோக்கம் தெளிவில்லையா, செலவுக்கு வழி போதவில்லையா, திரும்பிப் போவது சந்தேகமா என்று எந்தக் கட்டத்தில் குறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். முடிவு தவறு என்று கருதினால் மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு. எங்கே, எத்தனை நாளுக்குள் என்பது அந்தப் படிவத்திலேயே இருக்கும். குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்கவும் தடையில்லை. விண்ணப்பத்தின் விவரம் ஷெங்கன் நாடுகளின் பொதுப் பதிவில் ஐந்தாண்டு இருக்கும். "அங்கே மறுத்துவிட்டார்கள், வேறு நாட்டில் போட்டுப் பார்ப்போம்" என்று அதே தாள்களோடு போனால், அடுத்த தூதரகத்தின் திரையிலும் அந்த மறுப்பு தெரியும்.

விசா வந்ததும் முதல் வேலை, ஒட்டுத்தாளைப் படிப்பது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எத்தனை முறை நுழையலாம், எத்தனை நாள் தங்கலாம் என்று மூன்று விவரம் இருக்கும். பலர் முதல் விவரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பயணம் தள்ளிப்போனால் உதவட்டும் என்று பொதுவாகப் பதினைந்து நாள் சேர்த்துத் தேதி போட்டிருப்பார்கள். அதற்காக அத்தனை நாளும் தங்கலாம் என்று பொருளில்லை. 12 நாள் என்றிருந்தால் 12 நாள்தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் அடக்கம். பெயரிலோ கடப்பிதழ் எண்ணிலோ எழுத்துப் பிழை இருந்தால் அப்போதே சொல்லித் திருத்த வேண்டும், விமான நிலையத்தில் அல்ல.

கோப்பின் நகல் ஒன்று கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம். விசா இருந்தாலும் எல்லையில் ஹோட்டல் பதிவையும் திரும்பும் சீட்டையும் கேட்க அதிகாரிக்கு உரிமை உண்டு.

கணவரும் மெத்தனமாக இருந்துவிட முடியாது. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாக மின்னியல் நுழைவுப் பதிவு படிப்படியாக வந்திருக்கிறது. விசா தேவைப்படாதவர்களுக்கும் முகப்படமும் விரல் ரேகையும் எடுக்கிறார்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ரேகை இல்லை. விசா பெற்றவர்களின் ரேகை முன்பே பதிவில் இருப்பதால், அவர்களிடம் புதிதாகப் பதிவது முகப்படம் மட்டுமே. பாரிஸ் விமான நிலையத்தில் நால்வரும் வரிசையில் நிற்கிறார்கள். மாமியார் கேமராவைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார், அவர் பின்னாலேயே மகளும் பேத்தியும். சிவப்புக் கடப்பிதழ்க்காரர்தான் வலது கையின் நான்கு விரலையும் கண்ணாடியில் அழுத்தியபடி இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.